க்ளட்ச் கால்: சில குறிப்புகள்

சித்தப்பாவின் இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது. டீக்கடை வாசலில் வந்து நின்றபோது வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. "ஒத்தச் செருப்போட எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கடை வரைக்கும் ஜல்லி கொட்டிய தரை. கால் ஒன்றுமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

*

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். மலை ரூட்டும் ஓட்டியிருக்கிறார். வத்தலக்குண்டுக்கு மேலே ஒரு வளைவில் கியர் மாற்றப்போனவர், க்ளட்சில் கால் இருக்கிறதா என்று கண்ணால் குனிந்து பார்க்க வேண்டி வந்தது. வண்டி உதறி நின்றது. ஒருவருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை டிப்போவுக்குப் போய்த் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார், இனி ஸ்டியரிங் தொடமாட்டேன் என்று. யாரும் கேட்கவில்லை, புகார் இல்லை. "அம்பது பேரு உசுரு, தம்பி" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

*

அடுத்த பதினாலு மாதத்தில் சேர்ந்த ஃபைல்கள்: நரம்பு டாக்டருடையது ஒன்று. சர்க்கரையா என்று பார்த்தவருடையது ஒன்று, சர்க்கரை இல்லை. தைராய்டு குறைந்திருக்கிறது என்று மாத்திரை எழுதியவருடையது ஒன்று. தோல் கருப்பதற்குக் களிம்பு கொடுத்தவர், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தவர். ஒவ்வொரு ஃபைலும் தன்னளவில் ஒழுங்காக இருந்தது. எல்லாம் சித்தியின் ஒரே மஞ்சள் பையில்தான் இருந்தன. அதை முழுசாகக் கொட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

*

கரண்ட் டெஸ்ட் என்றுதான் சித்தப்பா சொல்வார். முழங்காலுக்குப் பின்னால் சின்ன மின்னதிர்வு கொடுத்து அது பாதத்துக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்று அளப்பது. நல்ல நரம்பில் நொடிக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் வேகத்தில் ஓடவேண்டியது இவருக்கு ஆடி அசைந்து போனது. நரம்பின் மேலுறை கழன்றிருக்கிறது என்று அர்த்தம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பு உறையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு, சி.ஐ.டி.பி. என்று நான்கு எழுத்தில் சொல்கிறார்கள். அதுதான் என்றார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பிறகு ஐந்து நாள் படுக்கவைத்து, ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை ஏற்றினார்கள். அதற்குச் சித்தியின் சங்கிலி போயிற்று.

ஒரு முன்னேற்றமும் இல்லை. பாதம் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

*

அந்த ஆஸ்பத்திரியைத் திட்டி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிறகு படித்ததில் தெரிந்தது: சித்தப்பாவுக்கு உண்மையில் இருந்த நோய் வந்தவர்களில் பலரையும் முதலில் சி.ஐ.டி.பி. என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டோக்கியோவிலும் அப்படித்தான், அமெரிக்காவிலும் அப்படித்தான். அந்த நாலு பக்கத்தைக் கிழித்தேன். அரைப் பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன். ஏனென்றால் எல்லா ரத்த ரிப்போர்ட்டிலும் ஒரு வரி அச்சாகித்தான் இருந்தது: பிளேட்லெட் ஐந்தரை லட்சம், ஆறு லட்சம். பக்கத்தில் நட்சத்திரக் குறி. டெங்கு ஊரில் பிளேட்லெட் குறைந்தால் எல்லோரும் பதறுவோம். கூடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நரம்பு உறை கழன்ற ஒருவருக்கு பிளேட்லெட்டும் கூடியிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது பாடம்.

*

கண்டுபிடித்தவர் முப்பது வயதுகூட நிறையாத பெண் டாக்டர். அவர் செய்த பெரிய காரியம், சட்டையைக் கழற்றச் சொன்னது.

மார்பில் மிளகளவு சிவப்பு மருக்கள். தொடையில் முன்பு இல்லாத அடர்ந்த ரோமம். நகம் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல. "எப்பம்மா கருக்க ஆரம்பிச்சாரு?" என்று சித்தியைக் கேட்டார். "வண்டியை விட்டப்புறம் வெயில்லயே திரியறாரேன்னு நெனச்சேன் டாக்டர்." வயிற்றை அழுத்திப் பார்த்தார், மண்ணீரல் தட்டுப்பட்டது. மஞ்சள் பையை வாங்கி மேசையில் கொட்டினார். பத்து நிமிஷம் பேசவில்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார்: "அந்தப் பிள்ளை எந்த ஊருடா?"

*

பெயர்: போயம்ஸ் நோய்த்தொகுதி. ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பல நரம்புகள் கெடுவது, ஈரலோ மண்ணீரலோ வீங்குவது, நாளமில்லாச் சுரப்பிகள் குழம்புவது, ரத்தத்தில் எம் புரதம் என்ற ஒன்று தென்படுவது, தோல் மாறுவது. 1980இல் பார்ட்விக் என்பவரும் கூட்டாளிகளும் வைத்த பெயர். சேர்த்து வாசித்தால் 'கவிதைகள்' என்று வருகிறது. வைத்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அதிலும் பிளேட்லெட் இல்லை, எலும்பில் வரும் கெட்டிப் புள்ளிகள் இல்லை, கண் நரம்பு வீக்கம் இல்லை, கால் நீர் இல்லை. கவிதைக்குள் அடங்காதவை ஏராளம்.

ஜப்பானில் க்ரோ–ஃபுகாசே நோய் என்றும் சொல்வார்கள். 1956இல் பிரிட்டனில் க்ரோ இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1968இல் ஜப்பானில் ஃபுகாசே. ஜப்பானியர்கள்தான் இதை விடாமல் துரத்தியவர்கள். 1984இல் நகானிஷியும் மற்றவர்களும் 102 பேரைத் தொகுத்து எழுதினார்கள். அங்கே எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு 0.3 பேர், அதாவது பத்து லட்சத்துக்கு மூன்று.

*

சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொன்னது இது:

எலும்பு மஜ்ஜைக்குள் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. கிருமியை எதிர்க்கும் புரதங்களை அடித்துத் தள்ளும் பட்டறை. ஆளுக்கொரு டிசைன் அடிப்பார்கள். அதில் ஒரே ஆள் பிரதியாகப் பெருகி, ஒரே டிசைனை மட்டும் அடிக்க ஆரம்பித்தால் அந்தச் சரக்குதான் எம் புரதம். பெரிய கும்பலாக ஆகிவிட்டால் அது மைலோமா, புற்றுநோய். இங்கே கும்பல் மிகச் சின்னது. மஜ்ஜையில் தேடினால் நூற்றில் ஐந்துகூடத் தேறாது. அதனால்தான் வழக்கமான புரதப் பரிசோதனையில் தப்பிவிடுகிறது. இம்யூனோஃபிக்சேஷன் என்று இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் அநேகமாக எப்போதும் லேம்டா வகைதான்.

"அஞ்சு பேரு சேந்து ஊரையே கெடுக்கிறாய்ங்களாக்கும்" என்றார்.

ஆமாம் சித்தப்பா. அதுவும் ஊருக்குள் வராமலே.

*

ஊருக்குள் வராமல் எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு 1996இல் ஒரு பிடி கிடைத்தது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். என்ற பொருள் பல மடங்கு ஏறியிருக்கிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் லான்செட்டில் எழுதினார்கள். புது ரத்தக் குழாய் முளைக்கச் சொல்லும் சமிக்ஞை அது. குழாய்ச் சுவரை ஒழுகவும் வைக்கும். கால் வீக்கம், வயிற்றில் நீர், சிவப்பு மரு எல்லாம் இதோடு பொருந்துகிறது. நரம்புக்குள் ஓடும் நூல் போன்ற குழாய்கள் ஒழுகி, நரம்பு உள்ளேயே ஊறிக் கெடுகிறது என்று கருதுகிறார்கள்.

சித்தப்பாவின் ரத்தம் ஐஸ் பெட்டியில் வேறு ஊருக்குப் போனது. வந்த எண் நாலு இலக்கம். பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமைத் தாண்டினாலே இந்த நோயைச் சந்தேகிக்கலாம் என்கிறார்கள்.

*

குறுக்கே தோன்றியது: அப்படியானால் அந்த வி.இ.ஜி.எஃப்.பை மட்டும் பிடித்து அடைத்துவிட்டால் போதாதா? அதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு, பெவசிசுமாப். குடல் புற்றுக்கும் கண்ணுக்கும் போடுவது. போட்டுப் பார்த்தார்கள். எண் விழுந்தது. சிலர் தேறினார்கள், சிலர் இறந்தே போனார்கள். கடிதம் கொண்டுவருகிறவனை அடித்து என்ன பயன், எழுதுகிறவன் மஜ்ஜைக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

*

வைத்தியத்தின் சட்டகம், டாக்டர் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியது: எலும்பில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் புள்ளி இருந்து, மஜ்ஜை சுத்தமாக இருந்தால் அங்கே கதிர் பாய்ச்சினாலே போதும். பரவியிருந்தால் உடம்பு முழுக்கப் போகும் மருந்து. மெல்ஃபலான், அல்லது தாலிடோமைடு குடும்பம், கூடவே டெக்ஸாமெத்தசோன். உடம்பு தாங்குமானால் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய அளவு மெல்ஃபலான் கொடுத்து, திரும்ப ஏற்றுவது. பெட் ஸ்கேனில் சித்தப்பாவுக்கு இடுப்பெலும்பிலும் முதுகிலும் புள்ளிகள். மஜ்ஜையிலும் கும்பல். கதிர் மட்டும் போதாது.

ஏற்றிய இம்யூனோகுளோபுலின் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். இந்த நோயில் அது வேலை செய்யாது என்றார். குரலை உயர்த்தவில்லை, முந்தைய டாக்டரைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

*

ராத்திரி ஃபோனில் தேடியதில் இரண்டு எண்கள். நகானிஷியின் 102 பேரில் பாதிப் பேர் 33 மாதத்துக்கு மேல் இருக்கவில்லை. 2003இல் மேயோ கிளினிக்கில் டிஸ்பென்சியரி என்ற மருத்துவர் 99 பேரைப் பற்றி எழுதியதில் அந்த எண் 165 மாதம். பதிமூன்றே முக்கால் வருஷம். இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு கூட்டம். நேராக ஒப்பிடக் கூடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் முதல் எண்ணை அழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் சித்தியிடம் சொன்னேன். சித்தி விரல் விட்டு எண்ணி, "பேத்திக்குக் காதுகுத்து தாண்டிரும்" என்றார்.

*

சித்தப்பாவுக்கு எழுதிய கேப்சூலின் பெயர் லெனலிடோமைடு. தாலிடோமைடின் மகள் என்று சொல்லலாம். ஒரே எலும்புக்கூடு, சிறு மாற்றம். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தவேண்டும். தாயைக் கொடுக்காமல் மகளை ஏன் கொடுக்கிறார்கள் என்றால், தாய் நரம்பைக் கெடுப்பாள்.

இந்த வரியை எழுதிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

*

தாலிடோமைடு என்றால் என் தலைமுறைக்குக் கையில்லாக் குழந்தைகளின் படம். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். வருஷா வருஷம் பிளஸ் டூவில் ஆடி பிம்ப மூலக்கூறு வரும்போது இந்த மருந்தைத்தான் உதாரணம் சொல்வேன். வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் போல இரண்டு வடிவம், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது, பிரிக்காமல் விற்றதால் வந்த வினை என்று. பாதி தப்பு. உடம்புக்குள் போனால் வலது இடதாகும், இடது வலதாகும், தானே மாறிக்கொள்ளும். நல்லதை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தாலும் பயனில்லை. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத் திருத்த வேண்டும்.

*

1957 அக்டோபரில் ஜெர்மனியில் கிரூனெந்தால் கம்பெனி 'கான்டெர்கன்' என்று விற்க ஆரம்பித்தது. தூக்க மாத்திரை. சீட்டு இல்லாமலே வாங்கலாம். கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் ஹம்பர்க்கில் விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் எச்சரித்த பிறகு நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிப்பு. ஜப்பானில் 'ஐசோமின்' என்ற பெயரில் விற்ற கம்பெனி 1962 செப்டம்பரில்தான் விற்பனையை நிறுத்தியது. ஜெர்மனி நிறுத்தி பத்து மாதம் கழித்து. பாதிக்கப்பட்டோர் என்று அங்கே அங்கீகரிக்கப்பட்டவர்கள் 309 பேர்.

எல்லோருக்கும் தெரிந்த கதை இதுதான். எனக்குத் தெரியாதது அதற்கு முந்தைய ஒரு கடிதம்.

1960 டிசம்பர் 31ஆம் தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லெஸ்லி ஃப்ளோரன்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் எழுதியது. தாலிடோமைடை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ராத்திரிக்கு ஒன்று சாப்பிட்ட நான்கு பேரைப் பார்த்தேன் என்கிறார். முதலில் பாதம் மரத்துக் குறுகுறுத்தது, பிறகு கை. விரல்கள் சில்லிட்டு வெளுத்தன. நடை லேசாகத் தள்ளாடியது. ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.

சித்தப்பாவின் முதல் ஃபைலில் முதல் பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட இதேதான்.

*

அந்தக் கடிதத்தை வாஷிங்டனில் ஒருவர் படித்தார். ஃப்ரான்சஸ் கெல்சி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் 1960 ஆகஸ்டில் சேர்ந்தவர். சேர்ந்த அடுத்த மாதமே தாலிடோமைடு விண்ணப்பம் மேசைக்கு வந்தது. புது ஆளுக்குச் சுலபமான வேலை என்று கொடுத்தார்களாம். கம்பெனி நெருக்கியது. அவர் கையெழுத்துப் போடவில்லை. நரம்பைக் கெடுக்கிறதாமே, இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். பெரியவர்களின் நரம்பை இப்படிச் செய்கிற மருந்து வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று அடுத்துக் கேட்டார். பதில் வருவதற்குள் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்துவிட்டது. 1962இல் கென்னடி கையால் விருது. நூற்றியோரு வயது வரை இருந்து 2015இல் இறந்தார்.

அமெரிக்காவில் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது, மரத்துப்போன நான்கு ஜோடிப் பாதங்களைப் பற்றிய ஒரு வாசகர் கடிதம். மாணவர்களுக்கு இனி இதைச் சொல்வேன். ஆடி பிம்பம் அப்புறம்.

*

அந்த மாத்திரை திரும்ப வந்த வழி, சுருக்கமாக:

1964, எருசலேம். ஜேக்கப் ஷெஸ்கின் என்ற தொழுநோய் மருத்துவர். உடம்பெல்லாம் கட்டி வெடித்து வலியில் தூங்க முடியாத ஒரு நோயாளி. அலமாரியில் பழைய தாலிடோமைடு மிச்சம் இருந்தது, தூங்கட்டும் என்று கொடுத்தார். தூங்கினான், கட்டிகளும் ஆறின. 1994இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டமாட்டோ, இந்த மருந்து புது ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கிறது என்று காட்டினார். அதைக் கேள்விப்பட்ட ஒரு பெண், மைலோமாவில் விழுந்திருந்த தன் இளவயதுக் கணவனுக்காக ஃபோக்மனுக்கு ஃபோன் போட்டார். ஆர்கன்சாவில் பார்ட் பார்லோகி கொடுத்துப் பார்த்தார். அந்தக் கணவருக்குப் பலிக்கவில்லை. அடுத்துக் கொடுத்தவர்களுக்குப் பலித்தது. 1999இல் சீமா சிங்காலும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரையில் 84 பேர், எல்லா மருந்தும் தோற்றுப்போனவர்கள். மூன்றில் ஒருவருக்கு எம் புரதம் குறைந்தது.

எப்படி வேலை செய்கிறது என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. 2010இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவும் தகுமி இட்டோவும் கண்டார்கள். நுண்ணிய காந்த மணிகளில் தாலிடோமைடை ஒட்டி, செல் சாற்றுக்குள் விட்டு, எது வந்து ஒட்டுகிறது என்று காந்தத்தால் இழுத்துப் பார்த்தார்கள். தூண்டில்தான். சிக்கியது செரிப்லான் என்ற புரதம். செல்லுக்குள் எந்தப் புரதத்தை உடைக்க வேண்டும் என்று அடையாளம் ஒட்டுகிற கூட்டத்தில் அது ஓர் ஆள். தாலிடோமைடு போய் உட்கார்ந்தால் அந்த ஆள் வேறு புரதங்களுக்கு அடையாளம் ஒட்ட ஆரம்பிக்கிறான். பிளாஸ்மா செல் உயிர்வாழத் தேவையான இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு உடைகின்றன, செல் சாகிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கை முளைக்கத் தேவையான இன்னொன்றும் இதே வழியில்தான் உடைகிறது.

*

மருந்து கொடுக்கும் முன் ஒரு பெண் ஊழியர் அச்சடித்த தாளோடு வந்தார். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி" என்றார் சித்தப்பா. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"கருத்தரிக்கிற வாய்ப்பு இருக்கிற யாரும் இந்தக் கேப்சூலைத் தொடக்கூடாதும்மா. மருந்து ஆம்பளைங்க விந்துலயும் வரும். அதனால உறை போடாம கூடாது. முடிச்ச பிறகும் ஒரு மாசம்."

நீண்ட மௌனம். பிறகு சித்தியின் குரல்: "எனக்கு அம்பது முடிஞ்சிருச்சு பாப்பா. அவருக்கும் ரெண்டு வருஷமா…" மிச்சம் கேட்கவில்லை. அதுவும் நோயின் பட்டியலில் இருக்கிறது என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சுரப்பிகள் குழம்புவதில் பெரும்பாலும் போவது அதுதான். எந்த டாக்டரிடமும் சித்தப்பா அதைச் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்டிருக்கவும் இல்லை.

இன்னொரு விதி: மருந்து சாப்பிடும் காலத்தில் ரத்த தானம் கூடாது. முப்பத்தேழு தடவை கொடுத்தவர். உறைக்குக் கையெழுத்துப் போட்டவர், இதைக் கேட்டு முகம் வாடினார்.

*

டெக்ஸாமெத்தசோன் வாரத்தில் ஒரு நாள். அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. மூன்று மணிக்குப் பரணை ஒழிப்பார். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பார். உட்கார்ந்தே செய்யக்கூடியது எல்லாம். விக்கல் வேறு. இரண்டாம் நாள் சோர்ந்து சுருண்டுவிடுவார். "நைட் ட்ரிப் மாதிரிதான்" என்கிறார், "போகும்போது முழிப்பு, வந்தா கட்டை."

*

சிபா பல்கலைக்கழகத்து ஆய்வு, தாலிடோமைடை போயம்ஸ் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தது. இதைப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

2010 நவம்பரிலிருந்து நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஜப்பானின் 12 ஆஸ்பத்திரிகள். சேர்ந்தவர்கள் 25 பேர். பன்னிரண்டு பெரிய ஆஸ்பத்திரி வருஷக்கணக்கில் வலை வீசினால் ஒரு டவுன் பஸ்ஸின் பாதி சீட்டுக்குத்தான் ஆள். அவர்களில் 13 பேருக்குத் தாலிடோமைடு, 12 பேருக்கு வெறும் மாத்திரை. எல்லோருக்கும் டெக்ஸாமெத்தசோன். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 24 வாரம். தாலிடோமைடு குழுவில் வி.இ.ஜி.எஃப். சராசரியாக 39 சதவீதம் இறங்கியது. மற்றக் குழுவில் இறங்கவே இல்லை. மருந்து எடுத்த ஏழு பேருக்கு நாடி மந்தமானது, லேசாக. மிசாவா, குவாபாரா முதலியவர்கள் 2016இல் லான்செட் நியூராலஜியில் வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனியும் தொடங்கியதல்ல, மருத்துவர்களே நடத்திய சோதனை. 2021இல் ஜப்பான் அரசு இந்த நோய்க்கென்றே தாலிடோமைடை அனுமதித்தது.

309 பேரின் பெயர் பதிவேட்டில் இருக்கிற நாட்டில், நரம்பைக் கெடுக்கும் என்று தெரிந்த மாத்திரையை, நரம்பு கெட்டவர்களுக்கு, இந்தா என்று எடுத்து நீட்ட என்ன துணிச்சல் வேண்டும். கணக்கு என்னவோ நேரானதுதான். நோய் கெடுப்பதைவிட மருந்து கெடுப்பது குறைவு, அதற்குள் கும்பலை அடக்கிவிட்டால் நிறுத்திவிடலாம். தாளில் நேராக இருக்கிறது. பக்கத்து வீட்டிலேயே கை வளராத ஒருவர் ஐம்பது வயதில் இருக்கும்போது அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

*

லெனலிடோமைடு இந்தியக் கம்பெனிகள் செய்வதால் நம்மால் வாங்க முடிகிறது. அமெரிக்க விலையைப் படித்தபோது பூஜ்யத்தைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்கவேண்டும், வெள்ளணு குறையும். ரத்தம் உறையும் ஆபத்துக்குச் சின்ன ஆஸ்பிரின்.

*

முதலில் போனது கால் வீக்கம். ஆறாவது வாரம். வேட்டி மடித்துக் கட்டியதும் கணுக்கால் எலும்பு தெரிந்தது என்று சித்தி ஃபோனில் சொன்னார். மூன்றாம் மாதம் வி.இ.ஜி.எஃப். மூன்று இலக்கத்துக்கு இறங்கியது. சிவப்பு மருக்கள் சுருங்கின. பாதம் மட்டும் அப்படியே தொங்கியது.

"எண்ணு எறங்கிருச்சுங்கற. கால் ஏன்டா ஏறலை?"

நரம்பு இழை திரும்ப வளரும் வேகம் நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முதுகெலும்பிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரு மீட்டர் நரம்பு. மேலுறை மட்டும் போன இடத்தில் சீக்கிரம் சரியாகும், இழையே போன இடத்தில் இந்த வேகம்தான். இரண்டு மூன்று வருஷம் வரை தேறிக்கொண்டே போகும் என்கிறார்கள். கணக்குப் போட்டுச் சொன்னேன். "ஆயிரம் நாள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டு வண்டி" என்றார்.

*

செருப்பு. பிசியோதெரபி பெண் 'எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக்கங்க, பின்னால வார் வச்சது' என்றார். கடையில் விசாரித்தால் சர்க்கரைக் கால் செருப்பு என்கிறார்கள். நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். முள் ஏறாத கெட்டி அடி, மேலே மெத்து. வேலூரில் பால் பிராண்டும் அவர் கூட்டாளிகளும் தொழுநோயால் மரத்துப்போன பாதங்களுக்காகப் பாடுபட்டதிலிருந்து வந்த செருப்பு. அந்தப் பாதங்களும் ஆணி ஏறினால் சொல்லாதவை. தொங்கும் பாதத்துக்குத் தசைநாரை இடம் மாற்றித் தைக்கும் அறுவையும் அங்கே நடந்ததுதான். தொழுநோய், தாலிடோமைடு, செருப்பு. தேடிப் போகாமலே எல்லாம் ஒரே பாதையில் வந்து நிற்கிறது. கடைக்காரர் கருப்பு, காப்பி என இரண்டு நிறம் வைத்திருந்தார். சித்தப்பா காப்பி நிறம் எடுத்தார்.

தினம் ராத்திரி சித்தி பாதத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்க்கிறார். முள், கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று. சித்தப்பாவுக்குக் கூச்சம். "சாமி கால் மாதிரி பாக்குறா."

*

பதினோராம் மாதம். கரண்ட் டெஸ்ட்டில் வேகம் கூடியிருக்கிறது. இம்யூனோஃபிக்சேஷனில் லேம்டா மங்கலாக இருக்கிறது, இன்னும் போகவில்லை. ஸ்டெம் செல் மாற்றுக்குப் போகலாமா என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்திருக்கிறோம்.

*

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். என் பழைய மாருதி வாசலில் நின்றது. "சாவியைக் குடுக்க வேணாம், கதவை மட்டும் தெற" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ குனிஞ்சு பெடலைப் பாரு. நான் சொல்றேன்."

குனிந்தேன். செல்போன் வெளிச்சத்தில் காப்பி நிறச் செருப்பு.

"இப்ப மேல இருக்கு."

இருந்தது.

"இப்ப பாதி."

பாதிதான்.

"இப்ப?" என்று நான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றி வியர்த்தது. "முழுசா" என்றார்.

கால் பெடலிலிருந்து வழுக்கித் தரைவிரிப்பின் மேல் கிடந்தது. சொன்னேன்.

"சரி, இன்னொருக்கா" என்றார்.